கம்பியில் முதலில் எதைக் கற்பது?

"சார், உங்களிடம் ஒரு சமாசாரம் கேட்க வேண்டும்" என்று ஆரம்பித்தார் நண்பர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் அதிகக் கூட்டம் இல்லை. நண்பர் அம்பத்தூரில் ஏறினார். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவர். கூடவே அவருடைய மகள். 9 வயது. ஏறியதும் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு, தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். நகரத்துக்குள் ஒரு பயிற்சிக் கூடத்தில் அந்தப் பெண் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கிறாள். வாரத்துக்கு நாலு நாள் இந்த ரயில் பிரயாணம்.

"இவளைச் சேர்த்து ஒன்றரை வருஷம் ஆயிற்று. தரையில் பல்டி அடிக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பி விஷயத்தில் கோச் இன்னும் அதன்மேல் ஏறுவதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். செல்போனில் பாருங்கள், இவள் வயசுக் குழந்தைகள் கம்பியை விட்டுப் பறந்து மறுபடி பிடிக்கிறார்கள். இன்னொரு இடத்தில் விசாரித்தேன். ஆறே மாதத்தில் பெரிய ஐட்டமெல்லாம் சொல்லித் தருகிறோம் என்கிறார்கள். இவளை அங்கே மாற்றிவிடலாமா?"

வில்லிவாக்கம் வருவதற்குள் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியா இது? ஆனால் பெண் குழந்தையை இந்த வித்தையில் விட்டிருக்கும் பெற்றோர் எல்லோரும் ஒருநாள் கேட்கிற கேள்விதான். ஒரு குழந்தையின் நாலைந்து வருஷமும், அவளுடைய தோளும் மணிக்கட்டும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்ப்போம்.

இரண்டு கம்பிகளின் கதை

சர்க்கஸில் பார் விளையாட்டுப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தூரத்து உறவுதான் இதுவும். ஒன்று உயரம், ஒன்று தாழ்வு என்று இரண்டு கம்பிகள். 'அன்ஈவன் பார்ஸ்' என்பது ஆங்கிலப் பெயர். உயர்கம்பி தரையிலிருந்து 250 சென்டிமீட்டர், தாழ்கம்பி 170 சென்டிமீட்டர். பெண்கள் மட்டுமே ஆடும் கருவி. ஆண்களின் இணைகம்பிகளில் ஒன்றைத் தூக்கி வைத்ததுதான் இதன் ஆதி. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் இதற்கென்று தனிப் பதக்கம் முதன்முதலாக வழங்கப்பட்டது. ஹங்கேரி நாட்டு மார்கிட் கொரோண்டி அதை வென்றார்.

அந்தக் காலத்தில் இரண்டு கம்பிகளும் நெருக்கமாக நின்றன. உயர்கம்பியில் தொங்கி, உடம்பை வீசி, இடுப்பைத் தாழ்கம்பியில் மோதி, அதையே துணி சுற்றுவது போலச் சுற்றிக்கொள்வது பெரிய வித்தை. பிற்பாடு கம்பிகளுக்கிடையே தூரம் கூடியது. இடுப்பால் மோதிச் சுற்றும் வித்தை இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அதை வருஷக்கணக்கில் பழகியவர்களின் உழைப்பும் அதோடு போயிற்று.

இதைவிடப் பிரசித்தமான கதை ஓல்கா கோர்புட்டினுடையது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில், சோவியத் நாட்டின் அந்த 17 வயதுப் பெண் உயர்கம்பியின்மேல் ஏறி நின்றார். நின்ற நிலையிலேயே பின்னால் ஒரு பல்டி அடித்தார், மீண்டும் அதே கம்பியைப் பிடித்தார். உலகமே வாயைப் பிளந்தது. இன்று சர்வதேசப் போட்டியில் அதைச் செய்ய விதி இடம் தரவில்லை. கம்பியின்மேல் நின்று பல்டி அடிப்பதையே தடுத்துவிட்டார்கள்.

"அப்படியானால் இன்றைக்குச் செல்போனில் பார்க்கிற வித்தையும் நாளைக்கு இல்லாமல் போகலாம் என்கிறீர்களா?" என்றார் நண்பர்.

போகலாம். இவள் பெரியவர்கள் பிரிவில் ஆட 16 வயது ஆகவேண்டும். இன்னும் 7 வருஷம். விதிப் புத்தகத்தை நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, ஒலிம்பிக்கை ஒட்டித் திருத்துகிறார்கள். இவள் மேடை ஏறுவதற்குள் இரண்டு திருத்தம் வந்துவிடும்.

ஆனால் எந்தத் திருத்தத்திலும் போகாத சில உண்டு. தொங்கிய நிலையிலிருந்து கம்பியின்மேல் ஏறுவது. ஏறிய இடத்திலிருந்து உடம்பை உதறித் தலைகீழாக நிற்பது. நின்ற இடத்திலிருந்து ஒரு முழு வட்டம் சுற்றி மறுபடி தலைகீழாக நிற்பது. கம்பி மரமாக இருந்த காலத்திலிருந்து கண்ணாடியிழையாக மாறிய காலம்வரை இவற்றின் தேவை வளர்ந்ததே ஒழியக் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1976 ஜூலை 18ஆம் தேதி, மாண்ட்ரியலில் ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனெச்சி முழு 10 மதிப்பெண் வாங்கியதும், மதிப்பெண் பலகைக்கு 10 போடத் தெரியாமல் 1.00 என்று காட்டியதும் எல்லோருக்கும் தெரியும். அது இந்தக் கம்பிகளில்தான் நடந்தது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அது 'கட்டாயப் பயிற்சி'யில் வாங்கிய மதிப்பெண் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கட்டாயப் பயிற்சி என்றால், எல்லா நாட்டுப் பெண்களும் ஒரே வித்தைகளை ஒரே வரிசையில் செய்தாக வேண்டும். மற்றவர்கள் செய்த அதே காரியத்தைத்தான் நாடியாவும் செய்தார். முழங்கால் மடங்கவில்லை, விரல்நுனி தளரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

1996 ஒலிம்பிக்கோடு கட்டாயப் பயிற்சி நின்றுபோயிற்று. அதுவரை எதைக் கற்பிப்பது என்பதைப் பெருமளவுக்கு விதிப் புத்தகமே சொல்லிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பொறுப்பு கோச்சின் தலையில் விழுந்தது. (அமெரிக்காவில் சிறு வகுப்புக் குழந்தைகளுக்குக் கட்டாயப் பயிற்சி இன்னும் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.)

நம் பெண்களின் கணக்கு

நண்பர் விடுவதாக இல்லை. "தீபா கர்மாகர் மட்டும் என்ன செய்தார்? எல்லோரும் பயந்த வித்தையைப் பிடித்துத்தானே பெயர் வாங்கினார்?"

நியாயமான கேள்வி. அகர்தலாவைச் சேர்ந்த குமாரி தீபா 6 வயதில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தவர். தட்டைப் பாதம். குதிப்பதற்கு ஸ்கூட்டர் உதிரிகளை வைத்துச் செய்த கருவி. அந்த நிலையிலிருந்து அவரை அழைத்துச் சென்றவர் பயிற்சியாளர் பிஷ்வேஷ்வர் நந்தி. 1964க்குப் பிறகு ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இடம்பெற்ற முதல் இந்தியர், இந்தியப் பெண்களில் முதல்வர் தீபாதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 'வால்ட்' என்னும் மேசைத் தாவலில், உயிருக்கே ஆபத்தானது என்று பேர்பெற்ற 'ப்ரொடுனோவா' வித்தையைச் செய்து நாலாவது இடம் பெற்றார். 15.066 மதிப்பெண். தங்கம் வாங்கிய சிமோன் பைல்ஸ் 15.966. இடைவெளி 0.9 மட்டுமே.

இனி அதே ரியோவில், அதே தீபாவின் கம்பிக் கணக்கைப் பாருங்கள். தகுதிச் சுற்றில் அவர் வாங்கியது 11.666. கம்பியில் தங்கம் வாங்கிய ரஷ்யாவின் அலியா முஸ்தஃபினா 15.900. நாலுக்கும் மேலே இடைவெளி!

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இதே கதைதான். வங்காளத்துக் குமாரி பிரணதி நாயக் வால்ட்டில் 13.466 வாங்கினார், கம்பியில் 9.033. தங்கம் வாங்கிய பெல்ஜியத்தின் நீனா டெர்வேல் 15.200. பெருந்தொற்றால் பயிற்சி தடைபட்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்லுவது நம் நோக்கமல்ல.

நம் பெண்கள் வாங்கி வந்த பதக்கங்களையும் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தீபாவின் வெண்கலம். 2018 மெல்போர்ன் உலகக் கோப்பையில் ஹைதராபாத் அருணா ரெட்டியின் வெண்கலம். 2019லும் 2022லும் ஆசியப் போட்டிகளில் பிரணதியின் வெண்கலம். 2024 தாஷ்கண்ட் ஆசியப் போட்டியில் தீபாவின் தங்கம். இவை அத்தனையும் வால்ட்டில் வந்தவை. அந்த ஆண்டு அக்டோபரில் தீபா ஓய்வு பெற்றார்.

காரணம் என்ன? என் கணிப்பைச் சொல்கிறேன். வால்ட் என்பது ஒரே ஒரு தாவல். ஓடி, உதைத்து, பறந்து, இறங்கினால் முடிந்தது. ஒரு பெரிய வித்தையைப் பிடித்துக்கொண்டு அதற்காகவே உடம்பைத் தயார் செய்தால், மற்றக் கருவிகளில் பின்தங்கியிருந்தாலும் உலகத்தோடு போட்டி போடலாம். நந்தியின் தேர்வு வால்ட்டுக்குச் சரியான தேர்வு. கம்பி அப்படியல்ல. அது சங்கிலி. பத்துக்கு மேற்பட்ட வித்தைகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகின்றன. முதல் வளையம் தொய்ந்தால் பத்தாவது வளையமும் தொய்யும். நடுவில் ஒரு வைரத்தைக் கொண்டுவந்து மாட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

"நீங்கள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தபோது முதல் மாதம் என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

நண்பர் சிரித்துவிட்டார். "அரம்தான். இரும்புத் துண்டை வைஸில் பிடித்து ராவிக்கொண்டே இருக்க வேண்டும். லேத் பக்கமே விட மாட்டார்கள். கை காய்த்துப் போச்சு."

கிப் என்னும் வாசற்படி

அந்தப் பெண் ஒன்றரை வருஷமாகப் பழகுவதும் ராவுகிற வேலைதான். அதன் பெயர் 'கிப்'. கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேர்த்து நீட்டிய கால்கள் தரையைத் தொடாமல் முன்னால் சறுக்கிப் போகவேண்டும். உடம்பு முழுவதும் நீண்ட அந்த நொடியில், கணுக்காலைக் கம்பிவரை கொண்டுவர வேண்டும். பிறகு காலின் நீளத்துக்கும் கம்பியை இழுத்துக்கொண்டே — கால்சட்டையை மேலே இழுத்துப் போட்டுக்கொள்வதுபோல — எழுந்து கம்பியின்மேல் கையூன்றி நிற்கவேண்டும். பார்க்கச் சுலபம். பல குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் வராது. ஒருநாள் திடீரென்று வரும், மறுநாள் போய்விடும். கையை மடக்கி, காலைப் பிரித்து, எப்படியோ எக்கி ஏறிவிடுகிற குழந்தைகளும் உண்டு. அதை 'வந்துவிட்டது' என்று ஒப்புக்கொள்ளும் கோச், பின்னால் வரப்போகும் கோச்சுக்குக் கடன் வைத்துவிட்டுப் போகிறார்.

கிப்புக்கு மதிப்பெண் என்று பார்த்தால் அற்பம்தான். ஆனால் ஒரு ஆட்டத்தில் அது இரண்டு மூன்று தடவை வரும். அதற்கடுத்து 'காஸ்ட்'. கம்பியின்மேல் கையூன்றி நிற்கும் உடம்பைப் பின்னால் உதறித் தலைகீழாக நிறுத்துவது. செங்குத்திலிருந்து 10 டிகிரிக்குள் நின்றால் குறை இல்லை. அதற்குமேல் சாயச் சாய 0.1, 0.3, 0.5 என்று வெட்டு விழுகிறது. ஒவ்வொரு தடவையும் விழும். ஒரு ஆட்டத்தில் தலைகீழ் நிலை எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்!

நண்பருக்குச் செல்போனில் பிடித்த அந்தப் பறக்கும் வித்தையை எடுத்துக்கொள்வோம். கம்பிக்கு மேலாகப் பின்னோக்கித் தாவி, அதே கம்பியைப் பிடிப்பது. 'ட்காச்சேவ்' என்று அதற்குப் பெயர். அலெக்சாண்டர் ட்காச்சேவ் என்ற சோவியத் வீரர் ஆண்களின் ஒற்றைக் கம்பியில் செய்து காட்டியது. சர்வதேச விதிப்படி அதன் மதிப்பு 0.4. ஒரே கம்பியை விட்டுப் பிடிக்கும் வித்தை ஒன்று ஆட்டத்தில் இருக்கவேண்டும் என்ற விதியைப் பூர்த்தி செய்வதால் இன்னொரு 0.5. ஆக வரவு 0.9. இனிச் செலவு. அதற்கு முந்திய தலைகீழ் நிலை குறைவு, 0.3. பறக்கும்போது முழங்கால் மடங்கியது, 0.3. பிடித்தபிறகு வேகம் செத்துப்போய் ஒரு வெற்று ஊசல், 0.5. மொத்தம் 1.1. லாபம் எங்கே? இது கம்பியைப் பிடித்த குழந்தையின் கணக்கு. தவறவிட்டால் விழுந்ததற்கு 1.0 போகும், வித்தையின் மதிப்பும் கிடைக்காது. அடிபட்டால் அது வேறு கணக்கு.

ஒரு வட்டம், பல பிள்ளைகள்

அப்படியானால் ஏறுவதும் நிற்பதும் மட்டும் போதுமா? போதாது. கோச்சின் சாமர்த்தியம் தெரிவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான்.

தலைகீழாக நின்று கம்பியைச் சுற்றி வருவதில் மூன்று குடும்பங்கள் உண்டு. பாதங்களைக் கைகளுக்குப் பக்கத்தில் கம்பியின்மேல் ஊன்றி, உடம்பை மடித்துச் சுற்றுவது 'டோ-ஆன்'. இடுப்பு கம்பியில் படாமல் அதையொட்டிச் சுற்றுவது 'கிளியர் ஹிப்'. கால்களை அகல விரித்து, கைகளுக்கு வெளிப்புறமாக மடக்கிச் சுற்றுவது 'ஸ்டால்டர்'. ஸ்விட்சர்லாந்து வீரர் ஜோசப் ஸ்டால்டரின் பெயர்.

இந்த வட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. டோ-ஆன் வட்டத்தைத் தாழ்கம்பியில் சுற்றி, முடிவில் கையை விட்டு உயர்கம்பிக்குப் பறந்தால் அது அமெரிக்காவின் கிறிஸ்டன் மலோனி பெயரிலுள்ள வித்தை. அதே வட்டத்தை உயர்கம்பியில் சுற்றிக் கம்பிக்கு மேலாகப் பின்னோக்கித் தாவினால் எலிஸ் ரே பெயரிலுள்ள வித்தை. கிளியர் ஹிப் வட்டத்திலிருந்து உயர்கம்பிக்குப் பறந்தால் நடாலியா ஷபோஷ்னிகோவா. உயர்கம்பியிலேயே பின்னோக்கித் தாவினால் சில்வியா ஹிண்டார்ஃப். ஸ்டால்டரிலிருந்து தாவினால் செக்கோஸ்லோவாகியாவின் ஹானா ரிச்னா. ஒரு வட்டத்தை நன்றாகக் கற்ற பெண்ணுக்கு, பெரியவளானதும் இரண்டு பெரிய வித்தைகளின் பாதி வேலை முடிந்துவிடுகிறது!

மூன்றில் எது என்பதைக் குழந்தையின் உடம்பு சொல்லும். முதுகு மடங்கி, நெற்றி முழங்காலைத் தொடுகிற பெண்ணுக்கு டோ-ஆன். தோளில் பலம் இருந்து, கை வழுக்குமோ என்ற பயம் இல்லாதவளுக்குக் கிளியர் ஹிப். காலை விரித்து வயிற்றோடு ஒட்ட மடக்க முடிந்தவளுக்கு ஸ்டால்டர். மூன்றையும் அரைகுறையாகக் கற்பிப்பதைவிட ஒன்றை முழுசாகக் கற்பிப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். இன்னொரு பயிற்சிக் கூடத்தில் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

அதோடு 'ஜெயண்ட்' என்னும் பெருவட்டமும் வேண்டும். கையை நீட்டி, உடம்பை நீட்டி, உயர்கம்பியை முழுசாகச் சுற்றுவது. கீழே வரும்போது உடம்பை வில்லாக வளைத்து, உடனே எதிர்ப்பக்கம் உதைக்கவேண்டும். அந்த ஒரு உதைப்பின் காலக்கணக்கில்தான் கடைசியில் இறங்கும் பல்டியும் இருக்கிறது, ட்காச்சேவும் இருக்கிறது. முதலில் கையைப் பட்டையால் கம்பியோடு கட்டிக்கொண்டு சுற்றிப் பழக்குவார்கள். அவசரப்பட்டுக் கட்டை அவிழ்க்கும் கோச்சைவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பறக்கும் வித்தை பழகுவதற்குக் கீழே நுரைத் துண்டுகள் நிரப்பிய குழி வேண்டும். அது இல்லாத கூடத்தில் அந்த வித்தையைத் தள்ளிப்போடுவது கோழைத்தனம் ஆகாது. ஒருமுறை மோசமாக விழுந்த குழந்தைக்குப் பயம் அந்த வித்தையோடு நிற்பதில்லை. நன்றாக வந்துகொண்டிருந்த பெருவட்டத்திலும் கை இறுகிவிடும்.

குழந்தையின் கையையும் மறக்கக்கூடாது. பெண்களின் கம்பி 4 சென்டிமீட்டர் கனம்; ஆண்களின் ஒற்றைக் கம்பி 2.8தான். 9 வயதுக் கையால் 4 சென்டிமீட்டரைச் சுற்றிப் பிடிப்பதே பிரயத்தனம். மெலிந்த ஒற்றைக் கம்பியில் பழக்குகிற கோச், விஷயம் தெரிந்தவர். வளரும் பிள்ளைகளின் மணிக்கட்டில் எலும்பு வளரும் முனை இன்னும் இளசாக இருக்கும். அங்கே வலி என்றால் 'பொறுத்துக்கொள்' என்பது மகா பாதகம். 12, 13 வயதில் பெண் திடீரென்று உயர்ந்துவிட்டால், பெருவட்டத்தில் கால் தாழ்கம்பியில் இடிக்கும். வந்த வித்தைகள் கொஞ்ச நாளைக்குப் போய்விடும். அப்போதும் பெற்றோர் கோச்சைத்தான் குறை சொல்லுவார்கள்.

ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பூங்காக்களில் உடற்பயிற்சிக்கென்று நட்டிருக்கும் கம்பிகளில் இதையெல்லாம் பழகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தொங்கலாம், முகவாயைக் கம்பிக்கு மேலே கொண்டுவரலாம், தொங்கியபடி காலைத் தூக்கலாம். அத்தனையும் பிரயோஜனம். உடம்பை வீசிச் சுற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கம்பி அதற்காக நடப்பட்டதல்ல. கீழே இருப்பது மெத்தையும் அல்ல.

பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிட்டது. வழக்கம்போலச் சிக்னல்.

"அப்படியென்றால் மாற்ற வேண்டாம் என்கிறீர்கள்" என்றார் நண்பர்.

"அந்த இன்னொரு இடத்துக்குப் போய், உங்கள் பிள்ளைகள் தலைகீழாக நிற்பதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பெரிய ஐட்டத்தைக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்."

"இவளுக்கு அந்தக் கிப் எப்போது வரும்?"

அதை நான் எப்படிச் சொல்வது? அதுவரை ஜன்னலைவிட்டுத் திரும்பாத பெண், இப்போது திரும்பினாள். உள்ளங்கையை விரித்து என்னிடம் நீட்டினாள். விரல்களுக்குக் கீழே வரிசையாக நாலு காய்ப்பு. ஒன்று கிழிந்து, ஆறிக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை முக்கால்வாசி வந்துடுச்சு, அங்கிள்" என்றாள். "கடைசியில கை மடங்கிப் போச்சு. அதனால சார் அதை எண்ணல."

நண்பர் அந்தக் கையைப் பிடித்து, தன் கையையும் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது.